கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கக் கொட்டில் எப்படி அமைய வேண்டும்?

கேள்வி: பேராவூரணிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டின் பின்னால் ஏறத்தாழ ஆறு சென்ட் கொல்லை இருக்கிறது. அதில் நான்கு தென்னை, ஒரு மாமரம், ஒரு கிணறு, பசு கட்டும் கொட்டகை. பத்து நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்க ஆசை. முன் அனுபவம் கிடையாது. மூன்றடுக்கு இரும்புக் கூண்டு ஒன்று வாங்கி வைத்தால் போதும் என்கிறான் மகன். மாட்டுக்கொட்டகைச் சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கிவிடலாம் என்கிறார் கொத்தனார். பக்கத்து வீட்டில் போன மாதம் ஒரே இரவில் ஏழு கோழிகளைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கூரைக்குக் கீற்று நல்லதா, தகரம் நல்லதா? எங்கே, எப்படிக் கட்டுவது என்று கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

பதில்: அம்மா, வணக்கம். கோழியை வாங்கிவிட்டு அதன் பிறகு கூண்டைத் தேடுவதே பெரும்பாலோர் வழக்கம். நீங்கள் கூண்டை முதலில் யோசித்திருப்பதால் என் வேலை பாதி குறைந்தது. மூன்றடுக்குக் கூண்டும் வேண்டாம், மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

நம் ஊரில் கோழிக்குக் குளிர் எதிரியன்று; வெப்பமும் ஈரமும்தான் எதிரிகள். கோழியின் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், வாயைத் திறந்து இரைத்தும், சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்று நுழையாத பெட்டிக்குள் பதினோரு கோழிகளை இரவு முழுவதும் அடைத்தால், அவை விடும் மூச்சின் ஈரமும் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயுவும் உள்ளேயே தங்கி, கண்ணில் நீர் வடிதல், மூச்சில் கரகரப்பு, சளி என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். குளிர் நாடுகளுக்காக வரையப்பட்ட மரப்பெட்டிக் கூண்டுகளின் படங்களை இப்போது கைப்பேசியில் எளிதாகப் பார்க்க முடிகிறது; பார்க்க அழகாக இருந்தாலும் சித்திரை வெயிலில் அவை கோழிக்குத் தண்டனைதான். ஆகவே பக்கங்களில் காற்று, மேலே நிழல், கீழே உலர்ந்த தரை, சுற்றிலும் எந்தப் பிராணியும் நுழைய முடியாத வலை என்ற நான்கும் அமைந்தால் கொட்டில் எளிமையாக இருந்தாலும் போதும். அடைத்துவைப்பது யாருக்கும் வரும். காற்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைப்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது.

அடுக்குக் கூண்டு, இடமே இல்லாத மொட்டைமாடிக்காரர்களுக்கு ஒருவகையில் உதவலாம். ஆறு சென்ட் மண் இருக்கும்போது நாட்டுக்கோழியைக் கம்பித் தரையில் நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. அது பகலெல்லாம் மண்ணைக் கிளறும், புழுதியில் புரண்டு பேனை உதறும், மாலையில் உயரமான கொம்பில் ஏறி அடையும். இம்மூன்றுக்கும் அந்தக் கூண்டில் வழியில்லை. எடையுள்ள கோழிகளும் சேவலும் நெடுநாள் கம்பியில் நின்றால் உள்ளங்காலில் புண் வந்து வீங்கும். அடைக்கு உட்காரும் கோழிக்குத் தேவையான இருட்டும் தனிமையும் அங்கே கிடைக்காது. மகனிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த உறுதியான வலை) வாங்கிக் கொடுத்தால் உங்களுக்கு உண்மையாகவே உதவியாக இருக்கும்.

கொத்தனார் சொல்லும் சாய்ப்பில் ஒரு சுவர் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் மாட்டுத் தீவனத்துக்கு வரும் எலியும் பெருச்சாளியும், அவற்றைத் தேடி வரும் பாம்பும் அப்படியே கோழியிடமும் வந்து சேரும். கோழி உண்ணி சுவர் இடுக்குகளில் குடியேறிவிட்டால் இரு கொட்டகைகளிலும் சேர்ந்தாற்போல மருந்து தெளிக்காமல் தீராது. சாய்ப்பில் ஒரு பக்கம் முழுச்சுவராக நிற்பதால் காற்றும் தடைபடும். மாட்டுக்கொட்டகையிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி, கிணற்றுக்கும் விலகி, கொல்லையில் இருப்பதிலேயே மேடான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாமரத்துக்குக் கிழக்கே இடம் இருந்தால் பிற்பகல் வெயிலை மரம் தாங்கிக்கொள்ளும். அதுதான் என் முதல் தேர்வு. தென்னைக்கு நேர் கீழே மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கட்டாதீர்கள். மட்டை விழுந்தால் கூரை போகும். தேங்காய் விழுந்தால் கோழி போகும். இரவில் கோழி அலறினால் உங்கள் படுக்கையறைக்குக் கேட்கும் தொலைவில் இருப்பதும் நல்லது.

இனி அளவு. இரவில் அடையவும் மழை நாளில் உள்ளேயே இருக்கவும் ஒரு நாட்டுக்கோழிக்கு இரண்டு சதுர அடித் தரை வேண்டும். பதினொன்றுக்கு 22 சதுர அடி போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் இரண்டு கோழிகள் அடைக்கு உட்கார்ந்து எழுந்தால் உங்கள் கணக்கு இருபதைத் தாண்டிவிடும். ஆகவே எட்டடி நீளம், ஐந்தடி அகலமாக 40 சதுர அடிக்குக் கட்டுங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது வெயில் குட்டையான இரு முனைகளில்தான் நேராக விழும், நீண்ட பக்கங்கள் இரண்டும் காற்றுக்குத் திறந்திருக்கும். மேற்கு முனையை முழுச் செங்கல் சுவராக எழுப்பிவிடலாம். கிழக்கு முனையிலும் சுவர் வைத்து, அதில் நீங்கள் குனியாமல் நுழையக்கூடிய கதவை அமையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டிய கூண்டை இரண்டு மாதத்துக்குப் பிறகு யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை. வடக்கு, தெற்குப் பக்கங்களில் ஓரடிச் சுவரும் அதற்கு மேல் கூரை வரை வலையும் போதும். ஓரங்களில் ஆறடி, நடுவே ஏழரை அடி உயரம் இருந்தால் சூடான காற்று மேலே போகும்.

கணுக்கால் தண்ணீர் நிற்கும் கொல்லையில் தரைமட்டத்துக்குக் கட்டினால் முதல் ஐப்பசியிலேயே படுக்கை சேறாகும். ஈரப் படுக்கையில்தான் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி பெருகி, இளங்குஞ்சுகளை அடுத்தடுத்துக் கொல்லும். ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, மணல் நிரப்பி, மேலே சிமெண்டுத் தளம் போட்டு, கதவுப்பக்கம் லேசாகச் சரிவு விடுங்கள். சாணி மெழுகிய மண் தரை குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெருச்சாளி வளை பறிக்கும், வெடிப்புகளில் உண்ணி தங்கும். நாற்பது சதுர அடிக்குச் சிமெண்டு போடுவதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்கு நெல் உமியைப் பரப்புங்கள். உங்கள் பகுதியில் கயிற்றுத் தொழிற்கூடங்களிலிருந்து தென்னை நார்க்கழிவு தாராளமாகக் கிடைக்கும். அதுவும் நல்ல படுக்கைதான், ஆனால் வாங்கும்போது ஈரமாக இருக்கும் என்பதால் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே போட வேண்டும், மழைக்காலத்தில் உமியே மேல். வாரம் இருமுறை கிளறிவிட்டு, ஈரமாகிக் கட்டிதட்டிய இடத்தை மட்டும் அள்ளி எறிந்து, புது உமி தூவினால் போதும். படுக்கை சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண்ணோ மூக்கோ எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை அல்லது படுக்கை நனைந்திருக்கிறது என்று பொருள். நின்றபடி முகர்ந்தால் அது தெரியாது.

கீற்றா, தகரமா என்ற கேள்விக்கு, இரண்டையும் சேர்த்தே போடுங்கள் என்பேன். வெறும் தகரம் பங்குனிக்குப் பிறகு உள்ளே அடுப்பாகிவிடும். வெறும் கீற்று குளிர்ச்சியானது, உங்களுக்குக் கொல்லையிலேயே கிடைப்பது. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், அதன் மடிப்புகளில் எலியும் உண்ணியும் தங்கும், மரநாய் அதைப் பிரித்து இறங்கவும் முடியும். தகரத்தை வேய்ந்து அதன்மேல் கீற்றைப் பரப்பிக் கட்டினால், மழையையும் பிராணிகளையும் தகரம் தடுக்கும், வெயிலைக் கீற்று வாங்கிக்கொள்ளும். வைக்கோலும் உதவும். ஓரங்களில் இரண்டரை அடியாவது தாழ்வாரம் நீட்டிவிடுங்கள். தகரத்தை வெறும் ஆணியால் அறையாமல், வளைந்த போல்ட்டுப் போட்டுக் குறுக்குச் சட்டத்தோடு முறுக்குங்கள். சட்டத்தை நடுகாலோடும், நடுகாலை மேடைக்குள்ளும் பிணையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் உங்கள் பகுதித் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். பறக்கும் தகரம் கோழிக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் ஆபத்து.

சாரல் அடிக்கும் நாட்களுக்காக வடக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய்த் திரை வேண்டும். வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்திலிருந்துதான் உள்ளே வீசும். திரையை மேலிருந்து தொங்கவிடுவதே எல்லோரும் செய்வது; மாறாக, அதன் அடிப்பகுதியைக் குட்டைச் சுவரில் நிலையாகக் கட்டி, கயிற்றால் மேல் நோக்கி இழுக்கும்படி அமையுங்கள். அப்படிச் செய்தால் கோழிகள் இருக்கும் கீழ்ப்பகுதிக்குச் சாரல் படாது, கூரையை ஒட்டிய ஓரடி இடைவெளி எப்போதும் காற்றுக்குத் திறந்திருக்கும். மழை விட்டவுடன் திரையை இறக்க மறக்காதீர்கள்.

இப்போது பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு வருவோம். ஊரார் கீரி என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் ஐயம் இருக்கிறது. கீரி பகலில் இரை தேடும் பிராணி. இரவில் நுழைந்து ஏழு கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, தெருநாய் ஆகிய இவற்றில் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தப்பி ஓட வழியில்லாத இடத்தில் கோழிகள் படபடத்துக்கொண்டே இருந்தால், இத்தகைய பிராணிகள் பசிக்கு மேலும் கொல்லும். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம், யார் எதிரி என்பதைப் பொறுத்துத் தடுப்பும் மாறுகிறது என்பதே. கீரிக்குப் பகலில் காவல் வேண்டும். மரநாய்க்கு இரவில் கூரையும் வலையும் உறுதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது மரத்திலிருந்து கூரைக்கு இறங்கும். கொட்டிலின் மேல் படரும் மாமரக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் கூடாது. கீரியும் மரநாயும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை, விஷத்தை முதலில் தின்பதும் பெரும்பாலும் வீட்டு நாயாகத்தான் இருக்கும்.

கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைக் கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே நிறுத்தத்தான் பயன்படும். நாய் கடித்தால் கிழியும், துருப்பிடித்துச் சீக்கிரம் பொடியும். நீங்கள் அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் கேட்டு வாங்குங்கள். அதில் எலியும் நுழையாது, முட்டை தேடி வரும் பெரிய பாம்பும் நுழையாது. வலையைக் கம்பி கட்டி நிறுத்தாமல், சட்டத்தில் பட்டை வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். வலையும் கூரையும் சேரும் இடத்திலும், கதவின் அடியிலும் விடப்படும் இடைவெளிதான் எல்லாக் கொட்டில்களிலும் நான் காணும் குறை. அரை அங்குலத்துக்கு மேல் எங்கும் சந்து இருக்கக் கூடாது. கதவுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள். பாம்பைப் பொறுத்தவரை, கொட்டிலைச் சுற்றி ஆறடிக்கு விறகு, தேங்காய் மட்டை, செங்கல் குவியல் எதுவும் இல்லாமல் வைத்திருப்பதும், தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைப்பதும், மாலைக்குள் முட்டைகளை எடுத்துவிடுவதும் வலையைப் போலவே முக்கியம்.

உள்ளே அதிகம் தேவையில்லை. அடையும் கொம்புக்கு ஒன்றரை அங்குலம் அல்லது இரண்டு அங்குலக் கனமுள்ள, முனை மழுக்கிய மரச்சட்டம் நல்லது. இரும்புக் குழாய் வெயிலில் சுடும், வழுக்கும். ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் என்று பார்த்தால் எட்டடிச் சட்டம் ஒன்றில் பதினோரு கோழிகளும் அடையும். வளரும் குஞ்சுகளுக்கு ஒன்றரை அடி தள்ளி இன்னொன்று போடுங்கள். இரண்டும் தரையிலிருந்து இரண்டரை அடியில் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்திருந்தால் எல்லாம் அதற்கே சண்டையிடும். சட்டங்களைக் கழற்றி எடுக்கும்படி வைப்பது உண்ணிக்காக. கோழி உண்ணி பகலில் கோழியின் மேல் பெரும்பாலும் இருக்காது. கொம்பின் மூட்டுகளிலும் சுவர் வெடிப்பிலும் மறைந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழி காரணமின்றி வெளுத்து மெலிந்தால், பகலில் கோழியை மட்டும் பார்த்துவிட்டு உண்ணி இல்லை என்று முடிவு செய்யாமல், சட்டத்தைக் கழற்றி மூட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடித்தால் பெருமளவு தடுக்கலாம். மருந்து தெளிப்பதானால் மருத்துவரிடம் அளவு கேட்டே தெளிக்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கைக்கணக்கில் கலந்து கோழிகளைச் சாகடித்தவர்கள் உண்டு.

முட்டையிட நான்கைந்து கோழிகளுக்கு ஒன்று என மூன்று இடங்கள் போதும். நீள, அகல, உயரம் ஓரடி உள்ள பெட்டியோ, வாயகன்ற பழைய மண்சட்டியோ இருட்டான மூலையில், அடையும் கொம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் கோழிகள் இரவில் அதிலேயே ஏறி அடைந்து முட்டையிடும் இடத்தை எச்சமாக்கிவிடும். ஒரு மூலையில் மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்த தொட்டி வையுங்கள்; மழைக்காலத்தில் புழுதிக் குளியலுக்கு வேறு வழியில்லை.

பகலுக்குக் கொட்டிலின் தெற்குப் பக்கமாக ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி வீதம் வேலியிட்ட வெளியிடம் ஒன்று விடுங்கள். பருந்தும் காகமும் குஞ்சைத் தூக்காமலிருக்க மேலே பழைய மீன்வலை கட்டலாம். மல்லிப்பட்டினத்தில் கழித்துப்போட்ட வலை எளிதில் கிடைக்கும். அந்த வலை பகலுக்குத்தான், இரவில் அதை நம்பிக் கோழிகளை வெளியே விடக் கூடாது. தாய்க்கோழியும் குஞ்சுகளும் முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும். மூங்கில் பஞ்சாரத்தைவிட அதற்கு ஏற்றது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இரவில் பஞ்சாரத்தையும் கொட்டிலுக்குள் தூக்கி வைத்துவிட வேண்டும்.

நல்ல கொட்டில் கட்டினாலும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்னும் கொள்ளைநோயை அது தடுக்காது. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையின் கீழ் ஊசியும் போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இதற்கென இருவார முகாம் நடத்துகிறது. உங்கள் ஊர் மருந்தகத்தில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டு கோழிகள் சாகத் தொடங்கினால், இறந்தவற்றை வாய்க்காலில் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்து, உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

கட்டுமானத்தை ஐப்பசி பிறப்பதற்குள் முடித்து, ஒரு மழைக்காலம் கொட்டிலைக் காலியாகவே விடுங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தப் பக்கம் சாரல் வருகிறது, மேடையைச் சுற்றித் தண்ணீர் எந்த உயரம் ஏறுகிறது என்பதெல்லாம் கோழி நனையாமலே தெரிந்துவிடும். பழுதைச் சரிசெய்து தை மாதம் கோழி வாங்கலாம். ஒருநாள் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் கதகதப்பு தர வேண்டும் என்பதால், புதியவரான நீங்கள் இரண்டு தடுப்பூசியும் போட்ட, பத்து வாரத்தைத் தாண்டிய சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகைக் கோழிகளை, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து வாங்குவதே நல்லது. சந்தையில் ஆளுக்கொன்றாகப் பொறுக்கி வாங்கினால் ஆளுக்கொரு நோயும் சேர்ந்து வரும். பின்னாளில் புதிதாக ஒன்று வாங்கினாலும் மூன்று வாரம் பஞ்சாரத்தில் தனியே வைத்திருந்து பிறகு சேருங்கள்.

கோழிகள் வந்த முதல் வாரம் முழுவதும் அவற்றை வெளியே விடாமல் கொட்டிலுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள். எட்டாம் நாள் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறந்தால், சற்றே மேய்ந்துவிட்டு இருட்டும்போது தாமாகவே உள்ளே வந்து கொம்பில் ஏறிவிடும். வராமல் மாமரத்தில் ஏறும் ஒன்றிரண்டை இருட்டிய பிறகு கையால் எடுத்துக் கொண்டுவந்து கொம்பில் வையுங்கள். நான்கைந்து நாளில் அவையும் பழகிவிடும். எண்ணிப் பார்த்து, பதினொன்றும் இருந்தால் இரண்டு தாழ்ப்பாளையும் போடுங்கள்.